கமரன் அம்மையாரின் வெளிச்சம்: வைட் தீவிலிருந்து களுத்துறை வரை

கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்றால் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். 1833, இராஜகாரிய ஒழிப்பு, சட்டநிரூபண சபை, நீதித்துறைச் சீரமைப்பு என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அந்தக் கமரனுக்கு ஒரு மனைவி இருந்தார் என்பதும், அவர் பொகவந்தலாவையில் அடக்கப்பட்டிருக்கிறார் என்பதும், உருவப்படக் கலையின் வரலாற்றை எழுத வரும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது என்பதும் பாடப்புத்தகத்தில் இல்லை. ஜூலியா மாக்ரட் கமரன் (1815–1879) கல்கத்தாவில் பிறந்தவர். கெமரா கையில் கிடைக்கும்போது அவருக்கு 48 வயது. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் ஒரே ஒரு வேலைதான்: முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தியது.

இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று அப்படியில்லை. 1839இல் டகேரின் முறை பாரிசில் அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்குப் பல நிமிட வெயில் தேவைப்பட்டது. லண்டனின் முதல் உருவப்பட ஸ்டூடியோவை ரிச்சர்ட் பியர்ட் 1841 மார்ச்சில் திறந்தார். எங்கே? கட்டடத்தின் உச்சியில், கண்ணாடிக் கூரையின் கீழே. வெயில் கண்ணைக் கூசாமல் இருக்க நீலக் கண்ணாடி. அன்றைய இரசாயனத்துக்கு நீல ஒளியே போதும் என்பதால் படத்துக்கு நட்டமில்லை, இருப்பவருக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவை. அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் ஏதோ தண்டனைக்குக் காத்திருப்பவர்கள் போல இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு வேகம் வேண்டும். வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கிடைத்த வெளிச்சத்தை எல்லாம் உள்ளே விட்டார்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி விழுந்தால் நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மூக்கு எவ்வளவு உயரம், கண்குழி எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. முகம் சப்பாத்தி மாதிரித் தட்டையாகிவிடும். 1860களில் இலட்சக்கணக்கில் விற்ற சிறு அட்டைப் படங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இந்த இடத்தில் இப்னுல் ஹைதமைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் வாசகர்கள் விடமாட்டார்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் சரியாகச் சொல்ல வேண்டும். மேடைகளில் 'கெமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம்' என்று முழங்குகிறோம். அவர் கண்டுபிடித்தது கெமரா அல்ல. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெய்ரோவில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' இந்தச் சில்லறைப் பெருமையைவிடப் பெரிய விஷயம். இருட்டறை ஒன்றின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொரு விளக்கின் ஒளியும் மற்றதோடு கலந்து குழம்பாமல் தன் நேர்கோட்டிலேயே உள்ளே போய் விழுவதை அவர் காட்டினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டும் மறைந்தது. கையை எடுத்தால் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்தது, ஒளியை அவர் இரண்டாகப் பிரித்தார். சூரியன், நெருப்பு போன்றவற்றிடமிருந்து வருவது தன்னொளி. அந்த ஒளி பட்ட சுவரோ துணியோ முகமோ திருப்பி விடுவது சார்ந்த ஒளி. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும் பையன்கள் வெள்ளித் தகடு போன்ற வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது இந்த இரண்டாவது வகை ஒளிக்காகத்தான்.

இன்னும் ஒன்று. கண்ணால் அறியத்தக்க பண்புகள் என்று அவர் 22ஐப் பட்டியலிட்டார். ஒளி, நிறம், தூரம், வடிவம் என்று போகிற அந்தப் பட்டியலில் நிழலும் இருளும் தனித்தனியாக இருக்கின்றன. அழகும் இருக்கிறது. நிழலை ஒளியின் இல்லாமை என்று தள்ளிவிடாமல், கண் பார்த்து அறிகிற ஒன்றாக அவர் எண்ணியிருக்கிறார். உருவப்படம் எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கமரன் அம்மையார் அந்த நூலைப் படித்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குப் போட்டோக் கலையை அறிமுகம் செய்தவர் வானியல் அறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். இருவரும் 1836இல் நன்னம்பிக்கை முனையில் சந்தித்தார்கள். தன் வருங்காலக் கணவர் சார்ள்ஸ் ஹே கமரனையும் அவர் அங்கேதான் சந்தித்தார். இலங்கைக்கான விசாரணைக் குழுவில் வேலை முடித்துவிட்டு இந்தியாவின் சட்டப் பணிகளில் இருந்த மனிதர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838இல் கல்கத்தாவில் திருமணம். 1848இல் இங்கிலாந்துக்குப் போனார்கள். 1860இல் வைட் தீவின் பிரெஷ்வோட்டரில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் 'டிம்போலா'. நம் டிம்புல்லையேதான். அங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டம் இருந்தது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கெமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுது போகட்டும் என்று கொடுத்தது. நிலக்கரி வைக்கும் அறையை அம்மையார் இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூட்டிலிருந்து கோழிகளை வெளியே விட்டுவிட்டு அதைப் படம் எடுக்கும் இடமாக மாற்றினார். அடுத்த மாதமே ஆனி பில்பொட் என்ற சிறுமியின் படத்தை எடுத்து, தன் முதல் வெற்றி இது என்று எழுதி வைத்தார்.

அவர் செய்த புதுமை மிக எளியது. மற்றவர்கள் ஒளியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் குறைத்தார். கண்ணாடிக் கூட்டின் பெரும்பகுதியைக் கருந்துணியால் மூடி, ஒரு பக்கத்தால் மட்டும், பெரும்பாலும் சற்று மேலிருந்து, வெளிச்சத்தை உள்ளே விட்டார். இருப்பவரைச் சுற்றியும் பின்னாலும் கரும்போர்வை. கெமராவைக் கிட்டக் கொண்டுபோய் முகம் மட்டுமே படத்தை நிறைக்கும்படி வைத்தார். இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒளி குறைந்தால் நேரம் கூடும். 3 நிமிடம் முதல் 7 நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டும். இரும்புக் கவையையும் அவர் விரும்பவில்லை. மனிதர் மூச்சு விடுவார், கண் கொஞ்சம் ஆடும், படம் மெல்லக் குழையும். லண்டன் போட்டோச் சங்கத்தார் இதை வைத்துத்தான் அவரைக் கேலி செய்தார்கள். அந்த அம்மாவுக்குக் குவியம் வைக்கத் தெரியாது, கண்ணாடித் தட்டில் கைரேகை, கீறல் என்று குறைகள் அடுக்கினார்கள். கீறல் பற்றிச் சொன்னது உண்மை. குவியம் பற்றிச் சொன்னது அவ்வளவு உண்மையல்ல. எது சரியான குவியம் என்று முடிவு செய்ய யாருக்கு உரிமை என்று அவர் 1864 கடைசியில் ஹேர்ஷலுக்கே கடிதம் எழுதிக் கேட்டார்.

1867இல் அந்த ஹேர்ஷலின் வீட்டுக்கே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த படத்தைப் பாருங்கள். எடுப்பதற்கு முன் அவரைத் தலைமுடியைக் கழுவிவரச் சொன்னாராம் அம்மையார். எண்ணெய்ப் பிசுக்குப் போனால் நரைமுடி பஞ்சு மாதிரி விரியும், விரிந்த மயிர் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பிடிக்கும். படத்தில் உடம்பு இல்லை, உடுப்பு இல்லை, கதிரை இல்லை. இருட்டுக்குள் ஒரு கிழட்டு முகம், அதைச் சுற்றி முடியின் வெளிச்சம், ஈரமான இரண்டு கண்கள். கண்ணில் அந்தச் சிறு ஒளிப்புள்ளி இல்லாவிட்டால் முகம் செத்துப்போகும் என்பது இன்று எந்த ஸ்டூடியோவிலும் சொல்லிக் கொடுக்கிற பாடம்.

அதே ஆண்டில்தான் தோமஸ் கார்லைலின் படமும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி 1840இல் லண்டனில் மரியாதையோடு உரையாற்றியவர் என்பதால் கார்லைல் நம்மவர்களுக்கு அறிமுகமான பெயர். நம் பழைய சஞ்சிகைகளில் அவரை மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு. கமரன் எடுத்த நேர்முகப் படத்தில் அவர் முகம் பாதி ஒளியிலும் பாதி இருளிலும் இருக்கிறது. கோடுகள் துல்லியமாக இல்லை. கல்லில் பாதி செதுக்கி விட்ட சிலை போல ஒரு கரடு. மனிதர் கோபக்காரர், வயிற்றுவலிக்காரர், முந்திய வருடம் மனைவியை இழந்தவர். எல்லாவற்றையும் அந்த நிழல் சொல்கிறது என்று சொன்னால் அது என் கற்பனையாகவும் இருக்கலாம். ஆனால் தட்டை வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் அப்படிக் கற்பனை செய்யவும் இடம் தராது.

1875இல் கமரன் குடும்பம் இலங்கைக்குக் கப்பலேறியது. 1869இல் தொடங்கிய கோப்பி இலைநோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. கையில் காசு குறைந்துவிட்டது, பிள்ளைகளில் பலர் ஏற்கனவே இங்கே இருந்தார்கள், கிழவர் கமரனுக்கும் இந்த நாட்டின் மீது தீராத ஆசை. சவப்பெட்டிகள் இரண்டையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்றும், வரும் வழியில் பீங்கான் கண்ணாடிச் சாமான்களை அதற்குள் அடுக்கியிருந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. மகன் ஹார்டிஞ்ச் களுத்துறையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். அந்தக் களுத்துறை வீட்டில்தான் அம்மையார் மறுபடி கெமராவை எடுத்தார்.

இங்கே அவர் முகங்கொடுத்த சிக்கலைக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். பிரெஷ்வோட்டர் ஏறத்தாழ வட அகலாங்கு 50.7 பாகையில் இருக்கிறது. அங்கே நடுக்கோடையின் உச்சி வேளையில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 63 பாகைக்கு மேல் ஏறாது. மாரியில் 16 பாகையோடு சரி. களுத்துறை 6.6 பாகையில் இருக்கிறது. இங்கே டிசம்பரில், சூரியன் மிகத் தாழ்ந்திருக்கும் நாளில்கூட, உச்சி வேளையில் 60 பாகை. அதாவது அங்கே ஆகக் கூடியது எதுவோ, ஏறக்குறைய அதுதான் இங்கே ஆகக் குறைந்தது. ஏப்ரலிலும் செப்டெம்பரை ஒட்டியும் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். உச்சந்தலை வெயில் முகத்துக்கு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். நெற்றியும் மூக்குநுனியும் பளபளக்கும், கண் இரண்டும் கருங்குழி, மூக்கின் நிழல் உதட்டில் மீசை போல விழும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பகல் 12 மணிக்கு எடுத்த குழுப்படங்களை எடுத்துப் பாருங்கள்.

தாவர ஓவியர் மரியான் நோர்த் 1877 ஜனவரியில் அந்த வீட்டில் தங்கினார். அம்மையார் அவரைப் படம் எடுத்த விதத்தைப் பிறகு தன் நினைவுக் குறிப்பில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்தும்படி நிறுத்தினாராம். ஓலை இடுக்கால் உச்சி வெயில் கண்ணுக்குள் பாய்கிறது, வெப்பமானி 96 பாகை பாரன்ஹீட் காட்டுகிறது, அம்மையாரோ இயல்பாக இருக்கச் சொல்கிறார்! சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் தென்னோலை சும்மா அலங்காரத்துக்கு வைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. கருந்துணியும் கண்ணாடிக் கூடும் இல்லாத இடத்தில், வெயிலை உடைக்க அவர் கைக்கு எட்டியது ஓலைதான். ஆனால் ஓலை வெயிலை முழுவதும் தடுப்பதில்லை, துண்டு துண்டாக்குகிறது. காற்றில் ஆடும்போது துண்டுகளும் ஆடும். நிமிடக் கணக்கில் திறந்திருக்கும் வில்லைக்கு அது சரிவராது. அதே நோர்த்தை ஓவியச் சட்டத்தின் முன் விறாந்தையில் வைத்து எடுத்த படம் எவ்வளவோ மேல். ஏன்? விறாந்தைக்கு வெயில் நேரே வராது. முற்றத்து மண்ணிலும் எதிர்ச் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒளி பக்கவாட்டில் வரும். இப்னுல் ஹைதமின் இரண்டாவது ஒளி!

சூடு இன்னொரு தொல்லை. அன்றைய ஈரத்தட்டு முறையில் கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனேயே கழுவிவிட வேண்டும். வைட் தீவின் குளிரில் கிடைக்கிற பத்துப் பன்னிரண்டு நிமிடம் களுத்துறையில் கிடைக்காது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதுதான் நமக்கு முக்கியம். கொலோடியன் நீலத்தையும் ஊதாவையும்தான் நன்றாகக் காணும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. மனிதத் தோலின் பழுப்பு நிறம் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தது. ஆகவே கண் காண்பதைவிடத் தட்டு அந்த முகத்தை இருட்டாகக் காணும். அதே ஆள் வெள்ளைச் சேலையோ வெள்ளைச் சாரமோ உடுத்தியிருந்தால் இன்னும் மோசம். சேலைக்கு நேரத்தை அளந்தால் முகம் கறுத்துவிடும், முகத்துக்கு அளந்தால் சேலை மடிப்பெல்லாம் கரைந்து வெளுத்துவிடும். 'கறுத்த முகம் படத்தில் நல்லா விழாது' என்ற பேச்சு இங்கிருந்து தொடங்கியது. முகத்தின் குற்றம் அல்ல, மருந்தின் குற்றம்.

இந்தக் கதை கொலோடியனோடு முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வண்ணப் பிலிம் வந்தபோதும் கொடாக் நிறுவனம் அச்சு நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பியது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை. 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பினத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை என்று குறைப்பட்டது எடுபடவில்லை. சொக்கலேட் கம்பனிக்காரரும் மரத் தளபாடக்காரரும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று முறைப்பட்ட பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள். சொக்கலேட்டுக்குக் கிடைத்த நீதி!

கமரன் அம்மையாரின் இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களும் களுத்துறைக் கிராமத்தவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். பலவற்றில் ஆட்கள் கெமராவிலிருந்து தள்ளி நிற்கிறார்கள். ஹேர்ஷலுக்கும் கார்லைலுக்கும் கிடைத்த அந்த நெருக்கமும் இருட்டும் ஒற்றை வெளிச்சமும் இவர்களில் அநேகருக்குக் கிடைக்கவில்லை. ஒருவேளை மருந்தும் வெயிலும் விடவில்லை. ஒருவேளை அம்மையாரின் கண்ணும் மாறிப்போயிருக்கலாம். நோர்த் இன்னொரு சங்கதியும் எழுதுகிறார்: உள்ளூர்க்காரர் ஒருவரின் முதுகு அபாரமாக இருக்கிறது என்று கண்டு, அவரைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அந்த வீட்டில் தோட்டமே கிடையாது. வெளிச்சம் விழும் ஒரு முதுகுக்காக ஒரு மனிதருக்கு வேலை! கலைஞரின் பித்து என்று சிரிக்கலாம். ஆனால் முதுகுக்குரியவரின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. வைட் தீவில் அவர் எடுத்த வேலைக்காரப் பெண்களின் பெயர்கள், மேரி ஹில்லியர், மேரி றையன் என்று, ஆய்வாளர்களுக்கெல்லாம் தெரியும். 1878ஆம் ஆண்டுக் களுத்துறைப் படம் ஒன்றின் தலைப்பில், சிறுமிக்கு 12 வயது, தான் அவளுடைய தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு 100 வயது என்கிறார் என்று எழுதியிருக்கிறது. தலைப்பு நீளம்தான், ஆனால் பெயர் இல்லை.

ஜூலியா 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கெயன் தோட்டத்தில் காலமானார். கணவர் அடுத்த ஆண்டு. இருவரும் பொகவந்தலாவை சென் மேரி தேவாலயத் தோட்டத்தில் அடக்கம்.

பழுப்புத் தோலில் வெளிச்சம் எப்படி வழுக்கி ஓடும் என்பதை இந்த நாட்டில் முழுதாகக் கண்டுகொண்டவர் லயனல் வென்ட் (1900–1944) என்பது என் கருத்து. அவர் காலத்துக்குள் எல்லா நிறத்தையும் காணும் பிலிம் வந்துவிட்டது. ஆனால் அவருடைய கலை ஊர் ஸ்டூடியோக்களுக்கு இறங்கி வரவில்லை. அங்கே நடந்தது வேறு. 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற கொழும்புக் கம்பனிகளைப் பார்த்து ஊர்ப் பட்டணங்களில் ஸ்டூடியோக்கள் முளைத்தன. இரண்டு பக்கமும் இரண்டு பெரிய விளக்குகள், பின்னால் வரைந்த திரைச்சீலை. மறுபடியும் அதே தட்டை வெளிச்சம். பிறகு நெகட்டிவ்வில் பென்சில் வேலை. "முகம் கறுப்பா விழுந்திருக்கு, கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க" என்று மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்குத் தாய்மாரே கேட்பார்கள். இப்போது அந்த வேலையைக் கைப்பேசி கேட்காமலே செய்கிறது. விளக்கைக் கொஞ்சம் பக்கமாக நகர்த்தியிருந்தால், அல்லது பிள்ளையை யன்னலோரம் திருப்பி இருத்தி மற்றப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்திருந்தால் போதுமே! மாநிறத்தில்தான் ஒளியின் ஏற்ற இறக்கம் அழகாகத் தெரியும்.

நம் சமூகத்தில் படத்துக்கு இருக்கவே மாட்டோம் என்ற பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய தயக்கம் மார்க்கம் சார்ந்தது, அதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ போட்டோவைப் பற்றித் தனி நூலே எழுதி, அது உருவத்தைப் படைப்பதல்ல, நிழலைப் பிடித்து நிறுத்துவது மட்டுமே, ஆகவே ஆகுமானது என்று வாதிட்டார். எல்லா உலமாக்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை. எனக்கு அதில் ஆர்வமூட்டுவது அவர் கையாண்ட சொல்: 'ஹப்ஸுழ் ழில்', நிழலைச் சிறைப்பிடித்தல். நாமும் 'நிழற்படம்' என்றுதான் சொன்னோம். அறபியும் தமிழும் தனித்தனியாக நடந்து வந்து ஒரே நிழலில் ஒதுங்கியிருக்கின்றன.

ஊர்ப் பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கடையை ஒழிக்கும்போது பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களைக் குப்பையில் கொட்டுகிறார்கள். அடையாள அட்டைக்காக வாழ்நாளில் ஒரே ஒரு தடவை படத்துக்கு இருந்த உம்மம்மாமார் அந்தப் பெட்டிகளில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படியொரு கடை இருந்தால் உரிமையாளரோடு பேசிப் பாருங்கள். வீட்டில் பழைய படங்கள் இருந்தால், அதில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்க ஓரத்தில் பெயரும் ஊரும் வருடமும் எழுதிவிடுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும்.